புல்லு, சுரண்டி, மருந்து: நம் மலைகளின் இருநூறு வருடக் கதை



ஹட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்குப் போகிற பாதையில் மஞ்சள் பூ பூக்கிற காலம் வந்துவிட்டால், நம் எல்லோருடைய போனிலும் அந்தப் படம்தான். காட்டுச் சூரியகாந்தி. "இதுதான் எங்கள் மலையகம்" என்று எழுதிப் போடுகிறோம். அழகுதான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பூ இந்த மலையில் தானாக முளைத்தது அல்ல. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துச் செடி அது. 1851ல் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு அலங்காரச் செடியாகக் கொண்டுவரப்பட்டது. அங்கிருந்து வேலி தாண்டி, பாதையோரம் பிடித்து, கைவிட்ட தேயிலை மலைகளில் ஏறிவிட்டது.

இன்று நாம் எழுதுவது அந்த ஒரு பூவைப் பற்றி மட்டும் அல்ல. நம் மலைகளில் எது பயிர், எது களை என்று தீர்மானித்தவர்கள் யார், அந்தத் தீர்மானத்துக்காக முதுகு வளைந்தவர்கள் யார், அதற்கு இந்த மண் என்ன விலை கொடுத்தது என்பதைப் பற்றி. பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

*பூங்காவிலிருந்து வந்தவை*

பேராதனைப் பூங்கா 1821ல் தொடங்கியது. பிரித்தானியர் தங்கள் ஆட்சிக்குட்பட்ட நாடுகளிலிருந்தும் அவற்றுக்கு வெளியிலிருந்தும் செடிகளைக் கொண்டுவந்து, இங்கே எது வளரும், எதில் காசு வரும் என்று பரீட்சித்துப் பார்த்த இடம் அது. ஐந்து வருடம் கழித்து, 1826ல், நாயுண்ணி அங்கே வந்தது. நிறம் நிறமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கிற அதே செடிதான். அதன் ஊர் வெப்பமண்டல அமெரிக்கா. வேலிக்கும் அழகுக்கும் வைத்தார்கள். கறுத்த சின்னப் பழத்தைக் குருவிகள் தின்று போகிற இடமெல்லாம் விதைத்தன. இந்தச் செடி இலங்கைக்கு வந்து ஏறத்தாழ இருநூறு வருடம் என்று சொல்லுமளவுக்குப் பழைய குடி அது. இன்று நாயுண்ணி இல்லாத மாவட்டத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

நுவரெலியாவுக்குப் பக்கத்து ஹக்கலைப் பூங்கா 1861ல் தொடங்கியது. மலேரியாவுக்கு மருந்தாகும் கொயினா எடுக்கிற சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்கத்தான் அதைத் திறந்தார்கள். சிங்கோனாவின் காலம் சீக்கிரம் முடிந்துபோனது. பூங்கா நின்றது, அதன் வழியாக வந்த வேறு செடிகளும் நின்றன. அவற்றில் ஒன்று கோர்ஸ் என்கிற முள்ளுச்செடி. மேற்கு ஐரோப்பாவின் குளிர் மேடுகளில் வளர்கிற, மஞ்சள் பூப் பூக்கிற புதர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே வந்தது. தங்கள் ஊரை நினைவூட்டும் செடி என்று வெள்ளைக்காரர்கள் ரசித்திருப்பார்கள். ஆனால் அது ஹோட்டன் சமவெளிப் புல்வெளிகளுக்குள் புகுந்தது. அதன் காய் வெடித்து விதை தெறிக்கும். அந்த விதை மண்ணுக்குள் பல பத்து வருடங்கள் உயிரோடு கிடக்கும். எரித்தால் அழியும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். நெருப்புச் சூடு பட்டால் உறங்கும் விதைகள்கூட முளைக்கும். அதனால்தான் வனசீவராசிகள் திணைக்களமும் தொண்டர்களும் வருடக்கணக்காகக் கையால் பிடுங்கியும் அது இன்னும் முற்றாகப் போகவில்லை.

இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு வருகைத் தேதி உண்டு, கொண்டுவந்த கை ஒன்று உண்டு. சமவெளியில் இன்னும் தெளிவான உதாரணங்கள் இருக்கின்றன. ஆகாயத்தாமரை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குளத்து அழகுக்காக வந்தது. சில வருடங்களிலேயே நீர்நிலைகளை மூடியதால் 1909ல் அதற்கென்றே தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று. சல்வீனியா என்கிற நீர்ப்பாசி போன்ற செடி 1939ல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரிக்குத் தாவரவியல் பாடத்துக்காகக் கொண்டுவரப்பட்டது. அது வயல்களுக்கும் வாய்க்கால்களுக்கும் போய்ச் சேர்ந்தது. பாடம் நடத்தக் கொண்டுவந்த செடி ஊருக்கே பாடம் நடத்தியது என்று ஆசிரியர்களாகிய நாம் சொல்லிக்கொள்ளலாம்.

*காடு போனது, புல்லு வந்தது*

ஆனால் செடி வந்தால் மட்டும் அது களையாகிவிடாது. அதற்கு இடம் வேண்டும். அந்த இடத்தைத் திறந்துவிட்டது கோப்பி.

1840களிலிருந்து மலைநாட்டுக் காடுகள் ஏக்கர் கணக்கில் விற்கப்பட்டு, வெட்டப்பட்டு, எரிக்கப்பட்டன. 1870களின் கடைசியில் கோப்பி ஏறத்தாழ 275,000 ஏக்கரில் நின்றது. தென்னிந்தியாவிலிருந்து வந்து மாத்தளை வழியாக நடந்தே மலையேறிய மக்கள்தான் அந்தக் காடுகளை வெட்டினார்கள். அவர்களில் எத்தனையோ பேர் அந்தப் பாதையிலேயே இறந்தார்கள்.

ஒரு காட்டுக்குள் போய்ப் பாருங்கள். தரையில் வெயில் விழாது, இலைச்சருகு மெத்தைபோல் கிடக்கும். அங்கே களை என்று ஒன்று பெரிதாக இருக்காது. அதே காட்டை வெட்டி எரித்து, மண்ணைத் திறந்து வெயிலில் போட்டால் ஒரு மழைக்குள் பச்சை பிடித்துவிடும். நீலமும் வெள்ளையுமாகப் பஞ்சுபோல் பூக்கிற அந்தச் சின்னச் செடி, உடுப்பில் ஒட்டிக்கொள்கிற ஊசிச்செடி ஆகிய இரண்டும் கோப்பிக் காலத்திலேயே துரைமாருக்குத் தலைவலியாக இருந்தவை. இரண்டுமே அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். காற்றும், மாடும், ஆளின் கால்சட்டையும் அவற்றின் விதையைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோயின.

1869ல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் துரு போன்ற நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த இருபது வருடத்தில் கோப்பி போய்விட்டது. கைவிட்ட கோப்பிக் காடுகளை நாயுண்ணி மூடியது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1867ல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். 1900 ஆகும்போது தேயிலை மூன்றரை இலட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. மரம் மாறியது, ஆனால் மண்ணைத் திறந்து வைக்கிற பழக்கம் மாறவில்லை.

*சுரண்டியின் காலம்*

துரைமாருக்கு ஒரு கொள்கை இருந்தது. மலை துப்புரவாக இருக்க வேண்டும். தேயிலைச் செடிக்கு இடையில் ஒரு புல்லும் தெரியக்கூடாது. சிவந்த மண் மட்டும் தெரிய வேண்டும். ஒரு துரை நல்ல துரையா என்பதை அடுத்த தோட்டத்துத் துரை அவருடைய மலையின் துப்புரவைப் பார்த்தே சொல்வார். மாதத்துக்கு ஒருமுறை புல்லு வெட்டு. பல தோட்டங்களில் ஏக்கருக்கு இவ்வளவு என்று கங்காணியிடம் கொந்தரப்புக் கொடுக்கப்பட்டது. அவர் தன் ஆட்களை இறக்குவார். கொழுந்து எடுக்க முடியாத வயதானவர்களும் பிள்ளைகளும்கூட அந்த வேலைக்குப் போனார்கள்.

பிள்ளைகள் என்று சும்மா சொல்லவில்லை. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1929ல் தோட்டங்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தபோது, மேல்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று எழுதினார்கள். பிள்ளைக்கும் ஒரு விலை சட்டப் புத்தகத்திலேயே இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் வர 1984 ஆயிற்று.

அந்தக் கைகளில் இருந்த ஆயுதம் சுரண்டி. அதைப் பிடித்தவர்களுக்குத் தெரியும், அது புல்லை மட்டும் எடுக்காது. புல்லோடு மேல்மண்ணையும் வழித்து எடுக்கும். வழித்த மண் பள்ளப்பக்கம் சரியும். அடுத்த மழை அதைக் கானுக்குக் கொண்டுபோகும், கானிலிருந்து ஓடைக்குப் போகும், ஓடையிலிருந்து ஆற்றுக்கு. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் பெய்கிற மழையை நாம் அறிவோம். நாட்டிலேயே அதிகம் மழை பெய்கிற இடங்கள் அவை. அந்த மழைக்குக் கீழே, அந்தச் சரிவில், மண்ணை மொட்டையாக வைத்தால் என்ன நடக்கும் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லும்.

சுரண்டியில் இன்னொரு கோளாறும் உண்டு. இஞ்சிப்புல் போன்ற, மண்ணுக்குள் கிழங்குபோல வேர் ஓடுகிற புல்லை அது அழிக்காது. துண்டு துண்டாக வெட்டிப் பரப்பிவிடும், ஒவ்வொரு துண்டும் தனிப்புல்லாக முளைக்கும். மேல்மண்ணைக் கிளறும்போது அடியில் உறங்கிக் கிடந்த விதைகள் வெளிச்சத்துக்கு வரும். ஆக, மாதம் மாதம் புல்லு வெட்டியது அடுத்த மாதத்துப் புல்லை வளர்க்கவும்தான். வேலை முடியவே முடியாது. அந்த முடியாத வேலையில் இரண்டு மூன்று தலைமுறையின் முதுகு போனது.

*மண் கேட்ட கணக்கு*

இது தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது. மண்ணரிப்பை ஆராய அரசாங்கம் அமைத்த குழுவின் அறிக்கை 1931ல் வெளியானது. 1925ல் தொடங்கி, பிறகு தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையமும் புல்லைப் பற்றி வேறு மாதிரிப் பேசத் தொடங்கியது. எல்லாப் புல்லையும் எடுக்காதே, தெரிந்து எடு என்றது. வேர் ஆழம் போகாத, தேயிலையோடு போட்டி போடாத மெல்லிய செடிகளைத் தரையை மூட விடலாம், புளியாரை போன்றவை மழைத்துளியின் அடியைத் தாங்கிக்கொள்ளும் என்பது அந்த யோசனை. சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டுவது, கல்லணை கட்டுவது, கவ்வாத்து வெட்டிய இலையையும் குச்சியையும் மலையிலேயே பரப்புவது எல்லாம் அதோடு சேர்ந்து வந்தன. 1951ல் மண் பாதுகாப்புச் சட்டமும் வந்தது.

பின்னர் நடந்த அளவீடுகள் சொன்ன விஷயம் ஒன்றுதான். மூடாக்கு இல்லாத, இடையிடையே செடி செத்துப்போன பழைய விதைத் தேயிலை மலையில் வருடத்துக்கு ஒரு ஹெக்டயரிலிருந்து பத்துக்கணக்கான தொன் மண் போகும். நன்றாக மூடிய மலையில் ஒரு தொன்கூடப் போகாது. வீ.பி. தேயிலை நெருக்கமாக வளர்ந்து தரையை மூடுகிற மலைகளில் களையும் குறைவு, மண்ணரிப்பும் குறைவு. மலையைக் காப்பாற்றுவது எது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

போன மண் எங்கே போனது? ஆற்றுக்கு. 1976ல் மகாவலிக்குக் குறுக்கே கட்டிய போல்கொல்லை நீர்த்தேக்கத்தில் 1988 ஆகும்போது கொள்ளளவின் ஏறத்தாழ 44 வீதத்தை வண்டல் நிரப்பியிருந்தது. அது முழுவதும் தேயிலை மண் அல்ல. மரக்கறித் தோட்டத்து மண்ணும், பாதை வெட்டிய மண்ணும், காடழித்த மண்ணும் அதில் உண்டு. ஆனால் நுவரெலியா, கொத்மலைப் பக்கத்துச் சரிவுகளின் பங்கும் அதில் இருக்கிறது.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்தப் புல்லை விடலாம், எதை வேரோடு எடுக்க வேண்டும் என்பது ஆய்வு நிலையத்துக்குப் புதிய யோசனையாக இருந்திருக்கலாம். மலையில் நின்ற பெண்களுக்கு அது அன்றாட அறிவு. வல்லாரையும் பொன்னாங்காணியும் தேயிலைக்கு இடையில் கிடைத்தால் மடியில் சேரும், ராத்திரி சுண்டலாகும். மாட்டுக்குப் போடுகிற புல் ஒரு கட்டாகும். மிச்சம்தான் களை. துரையின் கணக்கில் அது எல்லாமே களை. சம்பளம் அவருடைய கணக்குப்படிதான் கிடைத்தது. புல்லை விட்டு வைத்த ஆளுக்கு அரைப் பேர்தான் விழும். அறிந்தவளுக்கு அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவருக்கு அறிய அவசியம் இல்லை. மண்ணோடு போனவற்றில் இதுவும் ஒன்று.

*மருந்தின் காலம்*

1962ல் பராகுவாட் என்கிற களைநாசினி உலகச் சந்தைக்கு வந்தது. 1974ல் கிளைபோசேட் வந்தது. அதே காலத்தில் நம் தோட்டங்களில் வேறு பெரிய மாற்றங்களும் நடந்துகொண்டிருந்தன. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் கப்பலேறினார்கள். 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992ல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. ஆள் குறையக் குறைய, பத்துப் பேர் செய்த புல்லு வெட்டை முதுகில் டேங்கி போட்ட ஒருவர் செய்தார். சுரண்டி மூலைக்குப் போனது.

நம் சமூகமும் இந்தக் கதைக்கு வெளியே நிற்கவில்லை. தவளம் மாட்டோடு மலையேறி வந்த காலத்திலிருந்து வியாபாரம் நம் பிழைப்பு. ஒரு காலத்தில் நம் கடைகளில் சுரண்டியும் மண்வெட்டியும் தொங்கின. பிறகு அதே இடத்தில் மருந்துப் போத்தல் அடுக்கப்பட்டது. விற்றவர்களும் நம்மவர்கள், அடித்தவர்களும் நம் அயலவர்கள்.

மருந்து ஒரு நன்மை செய்தது. அது மண்ணைக் கிளறவில்லை. செத்த புல் கொஞ்ச நாளைக்குத் தரையை மூடிக்கொண்டே கிடந்தது. சுரண்டியோடு ஒப்பிட்டால் அது லாபம், இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அதன் கெடுதிகள் வேறு பக்கத்தில் இருந்தன. கையுறை இல்லாமல், முகமூடி இல்லாமல், காற்றுக்கு எதிராக அடித்த கைகள் எத்தனை? கீரை பிடுங்கிய இடத்தில் இனிப் பிடுங்க முடியாது. மாட்டுக்கு அறுத்த புல்லில் என்ன பட்டிருக்கும் என்று தெரியாது. லயத்துக்குக் குடிதண்ணீர் வருகிற ஊற்றுக்கு மேலேயும் அடித்தார்கள். பராகுவாட் கொஞ்சம் உடம்புக்குள் போனாலும் மீட்பது கஷ்டம். மனமுடைந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் அது இருந்ததால் இந்த நாடு எத்தனையோ இளம் உயிர்களை இழந்தது. 2008ல் தொடங்கிப் படிப்படியாக அதைத் தடைசெய்தபோது விளைச்சல் விழும் என்று பயமுறுத்தினார்கள். விளைச்சல் விழவில்லை. நஞ்சருந்தி இறப்பவர்களின் தொகை குறைந்தது.

ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், அதற்குச் சாகாத களைகள் மட்டும் மிஞ்சிப் பெருகும். இது எந்த மருந்துக்கும் பொதுவான விதி. மலேசியாவில் 1997லேயே ஒரு சாதாரணப் புல், கிளைபோசேட்டுக்கு அசையாமல் நிற்கப் பழகிவிட்டது என்று பதிவானது. சுரண்டி வேரைத் துண்டாக்கிப் பெருக்கியதைப்போல, மருந்தும் தனக்குப் பயப்படாத களையைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறது.

*தடையும் தடைநீக்கமும்*

2015ல் கிளைபோசேட் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. காரணம் நம் மலைகள் அல்ல. வட மத்திய மாகாணத்து விவசாயிகளைக் கொன்றுகொண்டிருந்த, காரணம் தெரியாத சிறுநீரக நோய். அந்த நோய்க்கும் இந்த மருந்துக்கும் நேரடித் தொடர்பு உறுதியாக நிறுவப்படவில்லை. ஆனால் மக்களின் பயம் உண்மையானது. அதே வருடம் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகமும் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்திருந்தது.

தடை ஒரே நாளில் வந்தது. மாற்று வழி வரவில்லை. புல்லு வெட்ட ஆள் இல்லை. தோட்டங்கள் வேறு மருந்துகளைத் தேடின. அதில் எம்.சி.பி.ஏ. என்ற ஒன்றின் எச்சம் தேயிலைத் தூளில் இருந்ததால் ஜப்பான் சந்தையில் நமக்குச் சிக்கல் வந்தது. 2018ல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்ந்தது. 2021 மே மாதம் இரசாயன உரம், விவசாய இரசாயனங்கள் எல்லாவற்றுக்கும் இறக்குமதித் தடை விழுந்தது. அதே வருடம் நவம்பரில் அது பின்வாங்கப்பட்டது. 2022 ஆகஸ்ட் மாதம் கிளைபோசேட் தடையும் நீங்கியது. 2021ல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022ல் 251 மில்லியன் கிலோவாக விழுந்தது. உரமில்லாமைதான் அதற்குப் பெரிய காரணம். ஆனால் உரம் இல்லாத செடி மெலிந்து நிற்கும்போது இடைவெளியில் களைதான் எழும்பும். இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது.

துப்புரவாக வெட்டு என்ற கட்டளையும் மேலிருந்து வந்தது. அடி என்ற கட்டளையும் மேலிருந்து வந்தது. அடிக்காதே என்பதும், பிறகு அடிக்கலாம் என்பதும் மேலிருந்தே வந்தன. இருநூறு வருடத்தில் ஒரு தடவையும் மலையில் நிற்கிற ஆளிடம், "இந்தப் புல்லை என்ன செய்யலாம்?" என்று யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை.

*"வந்தேறி" என்ற சொல்*

இந்த விஷயத்தைப் பேசும்போது சில இடங்களில் "வந்தேறிச் செடி" என்று எழுதுகிறார்கள். நாம் அந்தச் சொல்லைக் கவனமாகவே தொட வேண்டும். 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மலைகளை உருவாக்கிய மக்களை ஒரே அடியில் நாடற்றவர்களாக ஆக்கியபோது பின்னால் நின்றது அந்த மனநிலைதான். நம் சமூகத்தையும் அந்தச் சொல் விட்டுவைக்கவில்லை. எனவே வகுப்பறையில் பிள்ளைகளுக்கு இதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

வெளியிலிருந்து வந்தது என்பது குற்றமே அல்ல. தேயிலையும் வெளியிலிருந்து வந்ததுதான். உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ், மிளகாய், மரவள்ளி எல்லாம் வந்தவைதான். மண்ணைத் தேற்ற நடுகிற குவாட்டமாலாப் புல் பெயரிலேயே தன் ஊரை வைத்திருக்கிறது. நட்ட இடத்தில் நின்று, வேர் இறக்கி, மண்ணைப் பிடித்து, மாட்டுக்கும் தீனியாகிறது. அதை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை. ஒரு செடி மற்றச் செடிகளுக்கு இடமே விடாமல் மூடும்போதுதான் அது ஆக்கிரமிப்புத் தாவரம். கேள்வி எங்கிருந்து வந்தது என்பதல்ல, இங்கே என்ன செய்கிறது என்பதுதான். மனிதரைப் பற்றிப் பேச இந்தச் சொற்களை இரவல் எடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

*இனி நம் கையில்*

ஏன் இதை இப்போது எழுதுகிறோம்? ஆள் இல்லாமல் மலைகள் காடாகிக்கொண்டிருக்கின்றன. நாயுண்ணியும், காட்டுச் சூரியகாந்தியும், கொஞ்சம் கீழ்ப்பகுதிகளில் எதன்மேலும் ஏறிப் படர்கிற மிக்கானியாக் கொடியும் லயத்து வாசல்வரை வந்துவிட்டன. அந்தப் புதருக்குள் குளவிக் கூடு இருக்கிறதா, சிறுத்தை படுத்திருக்கிறதா என்று தெரியாமல் நம் பெண்கள் கொழுந்து எடுக்கப் போகிறார்கள். இன்னொரு பக்கம், சில தோட்டங்களில் குடும்பத்துக்கு இவ்வளவு செடி என்று பிரித்துக் கொடுக்கிற முறை வந்திருக்கிறது. வீட்டுக்காணி என்று சில பேர்ச்சஸ் சிலருக்குக் கிடைத்திருக்கிறது. அதாவது, இந்தப் புல்லை என்ன செய்வது என்ற தீர்மானம் முதல் தடவையாகக் கொஞ்சமாவது நம் கைக்கு வருகிறது. துரை செய்த தவறையே நாமும் சின்ன அளவில் செய்யக்கூடாது.

நமக்குத் தெரிந்த சில விஷயங்களைச் சொல்கிறோம்.

மலைச்சரிவில் சுரண்டி வேண்டாம். புல் உயர்ந்தால் தரைக்கு மேலே அறுத்துவிடுங்கள், வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளட்டும். இஞ்சிப்புல் போன்றதை மட்டும் முள்ளால் கிளப்பி, கிழங்கோடு எடுத்து, வெயிலில் காயப் போடுங்கள்.

களையைப் பூக்கும் முன் பிடியுங்கள். விதை விழுந்துவிட்டால் அது பல வருடத்துக் கடன். நாயுண்ணியை வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும். எரித்தாலும் துளிர்க்கும். மழை விட்ட ஈரத்தில் வேரோடு கிளப்பி, அந்த இடத்தை வெறுமையாக விடாமல் உடனே வேறொன்றை நடுங்கள். உலகத்தில் நாயுண்ணியை எதிர்த்து 1902ல் ஹவாயில் பூச்சிகளை விட்டுப் பார்த்தார்கள். இந்தியாவும் அவுஸ்திரேலியாவும் தென்னாபிரிக்காவும் எத்தனையோ வழிகளைப் பார்த்தன. இன்னும் எங்கும் முற்றாக ஒழியவில்லை. ஆகவே நம் வளவை விட்டு வெளியே வைத்தாலே பெரிய காரியம்.

காட்டுச் சூரியகாந்தியைத் திட்ட மட்டும் வேண்டாம், பயன்படுத்துங்கள். அதன் உலர்ந்த இலையில் ஏறத்தாழ 3.5 வீதம் நைதரசனும் 4 வீதம் பொட்டாசியமும் உண்டு. பூக்கும் முன்னே அறுத்துத் தேயிலை அடியிலும் மரக்கறிப் பாத்தியிலும் மூடாக்காகப் போட்டால் அது பசளை. உரம் விற்கிற விலையில் இது பாதையோரத்தில் சும்மா கிடக்கிறது. அறுக்க அறுக்க அது விதைப்பதும் குறையும்.

சரிவின் விளிம்பிலும் கானோரத்திலும் மானாப்புல்லோ குவாட்டமாலாவோ ஒரு வரிசை நடுங்கள். கவ்வாத்து முடிந்த மலையில் விறகுக்குத் தடித்த குச்சியை எடுத்தாலும், இலையையும் சிறு குச்சியையும் தரையிலேயே விடுங்கள். கவ்வாத்துக்குப் பிந்திய மாதங்களில்தான் வெயில் தரையில் விழுந்து களை பொங்கும், அப்போதுதான் மண்ணுக்குப் போர்வை தேவை.

மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால் ஊற்றுக்குப் பக்கத்தில் அடிக்காதீர்கள், காற்றடிக்கும்போது அடிக்காதீர்கள், கையும் முகமும் மூடாமல் அடிக்காதீர்கள். கடை வைத்திருக்கிற சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். போத்தலை விற்கும்போது கையுறையையும் காட்டுங்கள், எப்படி அடிப்பது என்று இரண்டு வார்த்தை சொல்லுங்கள். பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். இதுவும் அமானிதம்தான்.

நாற்றுமேடையிலோ இணையத்திலோ பார்த்த புதிய அழகுச் செடியை வாங்கும் முன்னர், அது எப்படிப் பரவும் என்று கேளுங்கள். ஓடையோரத்திலும் காட்டு விளிம்பிலும் அதை வைக்காதீர்கள். நம் களைகளில் பாதி இப்படித்தான் ஒரு பூந்தொட்டியிலிருந்து புறப்பட்டவை.

நம்பிக்கை இழக்கவும் காரணம் இல்லை. முன்பு சொன்ன சல்வீனியாவை 1980களின் பிற்பகுதியில் ஒரு சின்ன வண்டு அடக்கியது. அதன் சொந்த ஊரில் அதைத் தின்கிற வண்டு எது என்று தேடிக் கண்டுபிடித்து, பரிசோதித்துப் பார்த்து, விட்டார்கள். அதற்கும் நூறு வருடம் முன்பே, 1860களில், நாகதாளிக் கள்ளியை அடக்க இந்தியாவிலிருந்து ஒரு பூச்சி இலங்கைக்கு வந்தது. ஒரு களையை அடக்க வேண்டுமென்றே ஒரு பூச்சியை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோன உலகின் முதல் முயற்சிகளில் அது ஒன்று. செடியைப் புரிந்துகொண்டவர்கள் வென்றிருக்கிறார்கள். அதை வெறுக்க மட்டும் தெரிந்தவர்கள் தோற்றிருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு வேலை. தேயிலைக்கு இடையில் முளைக்கிற செடிகளுக்கு நம் பாட்டிமாரும் உம்மும்மாக்களும் வைத்த பெயர்கள் இருக்கின்றன. எது கீரை, எது மாட்டுக்கு ஆகாது, எதைக் கசக்கிக் காயத்தில் வைப்பது, எது வந்தால் மண் கெட்டுப்போயிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். பாடப்புத்தகத்தில் அவை இல்லை, ஆய்வு அறிக்கைகளிலும் இல்லை. இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஐந்து புல்லின் பெயரைக் கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்த மலை, எதற்குப் பயன் என்பதையும் சேர்த்து, முடிந்தால் ஒரு படத்தோடு இங்கே எழுதுங்கள். எல்லாவற்றையும் தொகுத்துப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் புத்தகமாகக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.